பித்த நாளக் கற்களும் உள்நோக்கிச் சிகிச்சையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



 குழந்தைகளின் நடனம் முடிந்து நாடகம் தொடங்குவதற்கு முன் உள்ள நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நாடகத்தின் பின் விருந்து. விருந்து காத்திருக்கும்போது பித்தத்தைப் பற்றிப் பேச ஒரு மருத்துவனை மேடையேற்றிய செயற்குழுவின் துணிவை முதலில் பாராட்டுகிறேன். ஆயினும் அவர்கள் காரணமின்றி இப்பொருளைத் தரவில்லை. "கல்லை எடுத்துவிட்டார்கள், ஆனால் மறுநாளே கணையம் வீங்கிவிட்டதாம்" என்றும், "உள்ளே ஏதோ குழாய் வைத்திருக்கிறார்களாம், எதற்கென்று தெரியவில்லை" என்றும், "வயிற்றைக் கிழிக்காத சிகிச்சை என்றார்களே, பிறகு ஏன் இத்தனை கையெழுத்து?" என்றும் நம் குடியிருப்புக் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளே இப்பேச்சுக்கு வித்து.

நாம் பிழைப்பு நாடி வந்து தங்கியிருக்கும் இக்கங்கைச் சமவெளி, கோதுமையும் கரும்பும் விளைவதற்கு மட்டுமன்று, பித்தப்பைக் கற்கள் விளைவதற்கும் பேர்போன நிலம். ரயில்வே மருத்துவராகிய டாக்டர் எஸ். எல். மல்கோத்ரா இந்திய ரயில்வே ஊழியரிடையே இந்நோயை ஆராய்ந்து 1968-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னாட்டு ஊழியரைக் காட்டிலும் வடநாட்டு ஊழியரிடம் இது பன்மடங்கு மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. காஷ்மீரத்தில் டாக்டர் குரூவும் அவர் குழுவினரும் அல்ட்ராசவுண்ட் கருவி கொண்டு பொதுமக்களைச் சோதித்து 1989-இல் வெளியிட்ட கணக்கில், வயது வந்தோர் நூற்றுவரில் ஏறத்தாழ ஆறு பேருக்குப் பித்தப் பாதை நோய் காணப்பட்டது; அதிலும் ஆடவரைவிடப் பெண்டிர்க்கு ஏறக்குறைய மும்மடங்கு. கல்லின் இயல்பும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. வடக்கில் காண்பவை பெரும்பாலும் கொலஸ்டிரால் உறைந்த வெளிறிய கற்கள். தெற்கிலோ நிறமி சேர்ந்த கரிய கற்கள் அதிகம். ஊர் மாறினால் நீர் மட்டுமன்று, கல்லும் நிறம் மாறுகிறது போலும்!

"பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறோம். "பித்துப் பிடித்தவன்" என்கிறோம். அந்தப் பித்தம் வேறு. நான் பேசுவது கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் பித்தநீரைப் பற்றி. கொழுப்பைச் செரிப்பதற்கு அது இன்றியமையாதது. தஞ்சைப் பக்கத்து அன்பர்களுக்கு எளிதில் விளங்குமாறு சொல்கிறேன். கல்லீரல் ஊற்று, பித்தப்பை ஏரி, பித்த நாளம் வாய்க்கால், அவ்வாய்க்கால் முன்சிறுகுடலில் சேரும் இடத்தில் ஒரு மதகு. வாய்க்காலின் நீளம் ஏழெட்டு செண்டிமீட்டர். அகலமோ ஆறேழு மில்லிமீட்டர்தான். மதகு அமைந்த இடத்துக்கு ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ஆபிரகாம் வாட்டரின் பெயரும், அதனைத் திறந்து மூடும் வளையத் தசைக்கு 1887-இல் அதை விவரித்த இத்தாலிய அறிஞர் ஓடியின் பெயரும் வழங்குகின்றன. கணையத்தின் நாளமும் இதே மதகில்தான் வந்து சேர்கிறது. இந்த அண்டை வீட்டு உறவை மறந்துவிடாதீர்கள். பின்னே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் தலையாயது இதிலிருந்தே பிறக்கிறது.

ஏரியில் கிடக்கும் கல் வேறு, வாய்க்காலில் விழுந்த கல் வேறு. பித்தப்பையில் கல் உள்ளோரில் பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுவதும் துன்பம் செய்வதில்லை. உடல்நலச் சோதனையில் தற்செயலாகக் கல் தென்பட்டது என்றவுடன் அறுவைக்கு ஓட வேண்டுவதில்லை. ஆயினும் இப்பகுதியில் பித்தப்பைப் புற்றுநோயும் மிகுதியாதலால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி வைப்பது நன்று. நாளத்தில் விழுந்த கல்லின் கதை அப்படியன்று. பித்தப்பைக் கல்லால் தொல்லையுறுவோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு நாளத்திலும் கல் இருக்கக் காண்கிறோம். அது இன்று பேசாமல் இருந்தாலும் நாளை பேசும். பேசும்போது உரக்கப் பேசும். ஆகையால் பொதுவாக அதை எடுத்துவிடுவதே முறை.

அதன் பேச்சு எப்படியிருக்கும்? மேல்வயிற்றில் வலி எழும். முதுகுக்கும் வலத் தோளுக்கும் பாயும். நம்மவர் அதை "வாயுப் பிடிப்பு" என்பர். பெருங்காயமும் சுக்கும் உள்ளே போகும், சோடா போகும், கடைசியில் நாம் வருவோம். சிறுநீர் கரும்பழுப்பாகவும் மலம் வெளிறியும் போதல், உடல் அரித்தல், கண் மஞ்சளித்தல் ஆகியவை பித்தநீர் குடலுக்குச் செல்லாமல் இரத்தத்தில் ஏறியதன் அடையாளங்கள். வலி, காமாலை, குளிருடன் காய்ச்சல் ஆகிய மூன்றும் கூடினால் தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகிவிட்டன என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-இலேயே இதை வகுத்துரைத்தார். இம்மூன்றோடு இரத்த அழுத்தம் வீழ்ந்து அறிவும் தடுமாறினால் கணக்கு நாள்களில் இல்லை, மணிகளில் இருக்கிறது. முதியோர் சிலருக்கு வலியே தெரியாது. காய்ச்சலும் பிதற்றலுமே தோன்றும். "பாட்டி நேற்றிலிருந்து ஏதோ உளறுகிறாள்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்த வீடுகளை நான் அறிவேன்.

இங்கே கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காமாலை என்றதும் மோரில் அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். நம் அண்டை வீட்டார் "பீலியா மாலை" கட்டுவர். மாலை நீள நீள நோய் இறங்குகிறது என்பர். நான் எதையும் இகழ வரவில்லை. கிருமியால் வரும் காமாலையில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிவது. அப்போது கொடுத்த மருந்துக்குப் பெயர் கிடைக்கும். கல்லால் வரும் காமாலையில் இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. கல் மதகில் வந்து சிக்கும்போது கண் மஞ்சளிக்கும். சற்று மேலே மிதந்து விலகினால் பித்தநீர் வழிந்தோடி மஞ்சள் குறையும். எந்த மருந்தும் கொடாமலே குறையும்! குறைந்த வாரத்தில் மாலை கட்டியிருந்தால் மாலை வென்றது; பச்சிலை அரைத்திருந்தால் பச்சிலை வென்றது. கல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதலின் காமாலை எவ்வகைத்து என்று இரத்தச் சோதனையாலும் அல்ட்ராசவுண்டாலும் அறிந்துகொண்ட பின்னரே வீட்டு வைத்தியத்தைப் பற்றி யோசியுங்கள்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். பித்தப்பையை முதன்முதலாக அறுவையால் அகற்றியவர் பெர்லின் நகரத்து கார்ல் லாங்கன்புக், ஆண்டு 1882. நாளத்துக் கல்லையும் பல்லாண்டுக் காலம் வயிற்றைத் திறந்தே எடுத்தனர். நாளத்தைக் கீறிக் கல்லெடுத்து, ஆங்கில 'டி' எழுத்தின் வடிவான ரப்பர்க் குழாயை உள்ளே வைத்துத் தைப்பர். அக்குழாய் வயிற்றின் பக்கத்தில் பல நாள் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் சிலர் தம் பெற்றோர்க்கு அவ்வாறு செய்ததைக் கண்டிருப்பர்.

அந்நிலையை மாற்றிய கருவியின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவர் பெயர் பொறித்திருப்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பஞ்சாபின் மோகாவில் பிறந்து ஆக்ராப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, சன்னமான கண்ணாடி இழைக் கற்றைகளின் வழியே ஓர் உருவத்தை வளைத்துக் கொண்டு செல்லலாம் என்பதை 1954-இல் மெய்ப்பித்துக் காட்டினார். அவ்விழைகளைக் கொண்டு 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இரைப்பையை நோக்கும் வளையும் கருவியைச் செய்தார். 1968-இல் அமெரிக்கரான மக்கியூன் என்பவர் அத்தகைய கருவியால் நான் சொன்ன மதகுக்குள் சிறு குழாயைச் செலுத்திப் படமெடுத்தார். அதுவரை இது நோயைக் காணும் வழிதான். 1974-இல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும், ஒருவரையொருவர் சாராமல், மதகின் தசையை உள்ளிருந்தே மின்கம்பியால் கீறிக் கல்லுக்கு வழி திறந்தனர். காணும் வழி அன்று முதல் தீர்க்கும் வழியாயிற்று. இக்காலத்துக் கருவிகளில் கண்ணாடி இழைக்கு மாறாகக் கருவியின் நுனியிலேயே நுண்ணிய காமிரா அமைந்துள்ளது.

'இ.ஆர்.சி.பி.' என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதுவது இதைத்தான். நோயாளி ஆறு முதல் எட்டு மணி நேரம் பட்டினியிருத்தல் வேண்டும். மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே மேசையில் படுக்க வைப்பர். கருவி வாய் வழியே இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலுக்குச் செல்லும். மற்ற உள்நோக்கிகள் நேரே நோக்கும்; இதுவோ பக்கவாட்டில் நோக்குவது, மதகு குடலின் பக்கச் சுவரில் இருப்பதால். மெல்லிய கம்பியை மதகுக்குள் செலுத்தி, சாய மருந்தை ஏற்றி எக்ஸ்ரேயில் பார்த்தால், நிறைந்த வாய்க்காலில் கற்கள் வெற்றிடங்களாகத் தோன்றும். பிறகு தசையைக் கீறி, சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கற்களைக் குடலுக்குள் இழுத்து விடுவர். கல் மலத்தோடு வெளியேறிவிடும். "கல்லைக் காட்டவில்லையே" என்று வருந்தும் உறவினர் இதைக் கருத்தில் கொள்க. கல் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாயின் எளிதில் வாராது. மதகைப் பெரிய பலூனால் விரித்தோ, கூடைக்குள்ளேயே நொறுக்கியோ, நாளத்துக்குள் நுழையும் மிகச் சன்னமான மற்றோர் உள்நோக்கியின் வழியே லேசர் கொண்டு உடைத்தோ எடுப்பர். தேர்ந்த கைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பேருக்குக் கல் வழக்கமான முறையிலேயே வந்துவிடுகிறது.

இவ்வளவு நேர்த்தியான சிகிச்சைக்கு ஏன் இத்தனை கையெழுத்து? வயிற்றின் மேல் தழும்பில்லை என்பதனால் உள்ளே வெட்டில்லை என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் ஃப்ரீமனும் பிறரும் 2347 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடமாக விளங்குகிறது. தசையைக் கீறியவர்களில் நூற்றுக்கு 9.8 பேருக்கு ஏதேனுமொரு சிக்கல் நேர்ந்தது. கணைய அழற்சி 5.4, இரத்தப்போக்கு 2.0. பத்தில் ஒருவர்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் நலமுடன் திரும்புகின்றனர் என்பதும் அதே கணக்குத்தான். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டவராயிருக்கலாம் என்பதை அறிந்து கையெழுத்திடுவது வேறு. அறியாமல் இடுவது வேறு.

கணைய அழற்சி ஏன் வருகிறது? அண்டை வீட்டு உறவு என்றேனே, அதனால். மதகைத் தேடிக் கம்பி பலமுறை முட்டும்போது அங்கே வீக்கம் காண்கிறது. கணைய நீர் வெளியேற முடியாமல் தேங்குகிறது. சில சமயம் கம்பியோ சாயமோ கணைய நாளத்துக்குள்ளேயே சென்றுவிடும். உணவைச் செரிக்கப் படைக்கப்பட்ட நீர் தன்னைப் பெற்ற கணையத்தையே செரிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாள் மருத்துவமனையிலிருந்து, நரம்பு வழியே நீர் ஏற்றினால் தணிந்துவிடும். சிலர்க்கு மட்டும் அது வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்திவிடும். மிகச் சிலர் இறந்தும் போகின்றனர். சிகிச்சை முடிந்த சில மணிகளில் அல்லது ஒரு நாளுக்குள் மேல்வயிற்றில் முதுகுவரை பாயும் வலியும் வாந்தியும் தோன்றினால் அதுவே அறிகுறி. எனவே அன்று மாலையே வீட்டுக்குப் புறப்பட வேண்டும் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். நூறு மைல் தொலைவிலிருந்து வந்தவராயின், ஓரிரவேனும் அந்நகரிலேயே தங்குங்கள்.

இதைத் தடுக்க வழியுண்டா? உண்டு, அதுவும் மலிவான வழி. இண்டோமெத்தசின் என்ற பழைய வலி மருந்தை 100 மில்லிகிராம் அளவில் மலவாய் வழியே வைப்பது. அபாயம் மிகுந்த 602 நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 16.9 பேருக்கு வந்த அழற்சி, பெற்றவர்களில் 9.2 ஆகக் குறைந்தது. நம் தாய்மார்கள் சிலர் கூச்சத்தால் இம்மருந்தை மறுத்துவிடுவதாகச் செவிலியர் சொல்வர். கூச்சம் ஒரு நிமிடத்தது. கணையத்தின் வலி அப்படியன்று. தவிர, அபாயம் மிகுந்தோர்க்குக் கணைய நாளத்தில் சிறு குழாயொன்றைச் சில நாள் வைத்துவிடுவதும் உண்டு.

இதில் வியப்பான செய்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமாலை முற்றி, நாளம் விரிந்து, கல் தெளிவாகத் தெரியும் முதியவருக்கு இவ்வழற்சி வரும் அபாயம் குறைவு. இளவயதுப் பெண், நாளம் விரியவில்லை, இரத்தத்தில் மஞ்சள் இல்லை, "எதற்கும் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவோம்" என்ற நிலையில் செய்தால் அபாயம் மிகுதி. அதாவது, எவருக்குச் சிகிச்சை மிகக் குறைவாகத் தேவையோ அவருக்கே தீங்கு மிகுதியாக வருகிறது. ஆகவே வெறுமனே பார்ப்பதற்காக இதைச் செய்யும் காலம் போய்விட்டது. அல்ட்ராசவுண்டு நாளத்துக் கல்லைப் பல சமயம் தவறவிடும் என்பது மெய். ஆனால் காந்தப் படமாகிய எம்.ஆர்.சி.பி.யும், உள்நோக்கியின் நுனியிலேயே அல்ட்ராசவுண்டு பொருத்திய கருவியும் மதகைத் தொடாமலே கல்லைக் காட்டிவிடுகின்றன. "கல் இருப்பது உறுதியா? எந்தச் சோதனையால் உறுதி?" என்று மரியாதையுடன் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குச் சினங்கொள்ள மாட்டார். கிருமி பரவிக் காய்ச்சலோடு கிடப்பவருக்கு மட்டும் கேள்விகளால் காலம் கடத்தாதீர்கள். அங்கே மதகைத் திறப்பதுதான் உயிரைக் காக்கும்.

மற்றச் சிக்கல்களை விரைந்து சொல்கிறேன். கீறிய இடத்தில் இரத்தம் கசியலாம். அது ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்தும் தோன்றலாம். மலம் தார்போல் கறுத்தால் உடனே செல்லுங்கள். வார்ஃபரின், குளோப்பிடோகிரல் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்; தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாகக் குடற்சுவர் ஓட்டையாவதுண்டு. அது அறுவை வரை கொண்டுபோகலாம். சாயம் ஏற்றிய நாளம் முழுதும் வடியாவிட்டால் குளிர்காய்ச்சல் வரும். கருவியின் நுனியிலுள்ள நுண்ணிய நெம்புகோலில் கிருமிகள் தங்கி ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவிய செய்திகள் அமெரிக்காவில் 2015-ஐ ஒட்டிப் பெரிதாக எழுந்தன. அதன்பின் நுனிமூடியை ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள் வந்துள்ளன.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் மாறி வாழ்வோர் தனியே கருத வேண்டியது ஒன்றுண்டு. கல் முழுதும் வாராதபோதும், கிருமித் தாக்கம் மிகுந்தபோதும், நாளத்தில் 'ஸ்டென்ட்' என்னும் பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பித்தநீரை வடியவிடுவர். அது நிலையான உறுப்பன்று. ஏறத்தாழ மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டியது. நம்மவர் ஒருவர்க்கு வேறோர் ஊரில் அவ்வாறு வைத்தார்கள். பெயரும் ஊரும் இங்கு வேண்டா. வலியும் மஞ்சளும் மறைந்தன. மாற்றல் உத்தரவு வந்தது. மூட்டை கட்டும் அவசரத்தில் காகிதம் எங்கோ போயிற்று. அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வரவில்லை. நான்காண்டு கழித்துக் குளிர்காய்ச்சலோடு அவரைக் கொண்டுவந்தபோது, அவருக்குள் குழாய் இருப்பதே வீட்டில் எவர்க்கும் நினைவில்லை. எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அடைத்துப்போன குழாயைச் சுற்றிப் புதிய கல் வளர்ந்திருந்தது. அதை எடுக்க இருமுறை கருவி செலுத்த நேர்ந்தது. பிழைத்துக்கொண்டார், இப்போது சென்னையில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா, எடுக்க வேண்டிய நாள் எது என்ற இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த நாளை வீட்டுக் காலண்டரில் குறியுங்கள். கைப்பேசியில் சீட்டைப் படமெடுத்து ஊரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். எந்த ஊருக்கு மாற்றலானாலும் அங்குள்ள மருத்துவர் எடுத்துவிட முடியும்.

இன்னொன்று. வாய்க்காலைத் தூர் வாரினாலும் ஏரியில் கல் கிடக்குமாயின் அது மீண்டும் இறங்கும். நாளத்துக் கல்லை எடுத்தபின் பித்தப்பையை அகற்றாமல் காத்திருந்தோரில் நூற்றுக்கு 47 பேருக்குப் பித்தத் தொல்லை திரும்பியது என்றும், அகற்றியோரில் 2 பேருக்கே திரும்பியது என்றும் நெதர்லாந்தில் செய்து 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. "வலிதான் போய்விட்டதே" என்று இரண்டாம் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிலர் சீட்டில் கேள்விகள் எழுதித் தந்திருக்கிறார்கள். "என் மாமியாருக்கு வயது எண்பத்து நான்கு, இதைத் தாங்குவாரா?" என்று ஒரு சகோதரி கேட்கிறார். வயது தடையன்று, இதயமும் நுரையீரலும் எப்படியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. முதியோர்க்குத் திறந்த அறுவையைவிட இது எளிது என்பதனாலேயே இம்முறை இத்தனை பரவியது. "மாத்திரையால் கல் கரையாதா?" என்பது அடுத்த சீட்டு. பித்தப்பையிலுள்ள சிறிய கொலஸ்டிரால் கற்கள் சிலவற்றை மாத்திரை பல மாதங்களில் கரைப்பதுண்டு. நாளத்தை அடைத்த கல்லுக்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

கடைசிச் சீட்டு நெய்யைப் பற்றியது. சிகிச்சை நடந்த அன்று மருத்துவர் சொல்லும் வரை தண்ணீரும் கூடாது. பிறகு கஞ்சி, மறுநாள் இட்லி, குழைந்த சோறு. சில வாரங்களில் அளவோடு நெய்யும் சேர்க்கலாம். கல்லைக் கரைக்கும் காய்கறி என்று எதையேனும் எவரேனும் சொன்னால், காய்கறியை உண்ணுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நாடகக் குழுவினர் ஒப்பனையோடு திரைக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிகிறது.